மீனை நிறுத்த வேண்டாம், மீனை மாற்றினால் போதும்

வாசகர் கேள்வி: என் மகளுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்துக்காரர்கள். ஒரு நாள் மீன் இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. மருமகனுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். மீனில் பாதரசம் இருக்கிறது, குழந்தையின் மூளைக்கு ஆகாது என்று படித்துவிட்டு, பிரசவம் வரை மீனே வேண்டாம், மீன் எண்ணெய் மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார். அத்தனை பெரிய கடலில் விழுந்த பாதரசம் கரைந்து போகாதா? மஞ்சள், புளி போட்டுக் கழுவிச் சமைத்தாலும் போகாதா? பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். அதையும் நிறுத்த வேண்டுமா? போன மாதம் அவள் இரண்டு முறை சூரை சாப்பிட்டாள். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தச் சூரை பற்றிய பயத்தை விடுங்கள். மாதத்தில் இரண்டு முறை சூரை சாப்பிட்டதால் பேரக்குழந்தைக்கு எதுவும் ஆகிவிடாது. உங்கள் மகள் மீனை நிறுத்தவும் வேண்டாம். சாளையும் நெத்தோலியும் அயிலையும் தாராளமாகச் சாப்பிடட்டும். சுறா, கொப்பரன், மயில்மீன், பெரிய நெய்மீன் ஆகியவற்றை மட்டும் பிரசவம் முடியும்வரை ஒதுக்கிவிடுங்கள். மருமகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அவரை அலட்சியம் செய்ய வேண்டாம். மீனில் பாதரசம் உண்டு. ஆனால் எல்லா மீனிலும் ஒரே அளவில் இல்லை. சாளைக்கும் சுறாவுக்கும் இடையே எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், சந்தையில் எந்தக் கூடை முன் நிற்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

கடல் பெரியதாயிற்றே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நிலக்கரியில் இயல்பாகவே சிறிதளவு பாதரசம் உண்டு. அதை எரிக்கும்போது ஆவியாகிப் புகையோடு மேலே போகிறது. சிறு தங்கச் சுரங்கங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் சேர்த்துச் சுடுகிறார்கள். உலகில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசம் வேறெந்த வழியையும்விட இந்த வழியில்தான் அதிகம். ஆவி வடிவப் பாதரசம் மாதக்கணக்கில் காற்றிலேயே தங்கி உலகைச் சுற்றுகிறது. பிறகு வேதிமாற்றம் அடைந்து மழையோடு இறங்குகிறது. கடல் அதை வாங்கிக்கொள்கிறது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கையும் இந்தக் கடல்தான் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றில் கூடுவது எதுவானாலும் அதில் ஒரு பங்கு நீருக்குள் போய்ச் சேரும். கடலின் இயல்பு அது.

இப்படி வந்த பாதரசம் கடலில் நீர்த்துத்தான் போகிறது. திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரை எடுத்து அளந்தால் ஒரு நானோகிராம்கூடத் தேறாது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நீரில் குளிப்பதாலோ, குழந்தைகள் அலையில் விளையாடும்போது ஒரு வாய் விழுங்கிவிடுவதாலோ பாதரசத்தால் ஒரு தீங்கும் இல்லை. கடல் எதையும் கரைத்துவிடும் என்று நம் பெரியவர்கள் நம்பியதில் இதுவரை தவறில்லை. அந்த நீரில் உயிர்கள் இருக்கின்றன என்பதில்தான் கணக்கு மாறுகிறது.

கடலில் வாழும் உயிர் ஒவ்வொன்றும் சுற்றியிருக்கும் நீரிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் உடலை வளர்க்கிறது. நீரில் ஒரு பொருள் எவ்வளவு அரிதாக இருந்தாலும் அதைத் தேடி எடுக்கும் வழி சில உயிர்களிடம் உண்டு. குளிர்ந்த கடல்களில் வளரும் ஒருவகைப் பெரும் பாசி, கடல்நீரில் இருப்பதைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு அயோடினைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. பாறைகளில் ஒட்டி வாழும் அசிடியன் என்ற சிறு பிராணி ஒன்றின் இரத்த அணுக்களில் வனேடியம் என்ற உலோகம் கடல்நீரைவிட ஒரு கோடி மடங்குவரை சேர்ந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். எனக்கு இது இன்றும் வியப்பு தரும் செய்தி. மீனில் நமக்குக் கிடைக்கும் அயோடினும் செலினியமும் இந்தத் திறமையால் வந்தவைதான். நிலத்திலும் இப்படித்தான். கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பிறகு அங்கே ஆய்வு செய்தவர்கள் மரப்பட்டைகளில் படரும் லைக்கனிலும் பாசியிலும் பாதரசம் இருப்பதைக் கண்டார்கள். மண்ணில் வேர்விடாத உயிர்கள் அவை. காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் வாங்கிக்கொண்டவை. ஏரி மீனிலும் அது இருந்தது.

வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிடும் கதவு எந்த உயிரின் உடலிலும் முழுமையாக இல்லை. பாதரசம் நுழையும் இடம் அது. ஆனால் எல்லாப் பாதரசமும் ஒன்றல்ல. பழைய தெர்மாமீட்டர் உடைந்து அந்த வெள்ளிக் குண்டுமணியை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், ஏறத்தாழ முழுவதும் மலத்தோடு வெளியே வந்துவிடும்; அதன் ஆவியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. கடலில் நடப்பது வேறு. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் நடுக்கடலின் சில ஆழங்களிலும் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தோடு ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு துணுக்கை ஒட்டிவிடுகின்றன. அப்படிப் பிறப்பதுதான் மீத்தைல் பாதரசம். நாம் அதை உண்டால் நூற்றுக்கு 95 பங்கு குடலிலேயே உறிஞ்சப்படுகிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பாசி கடலில் மிதக்கிறது. ஒரே செல், உடல் முழுவதுமே நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோல். சாதாரணப் பாதரசமும் மீத்தைல் பாதரசமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அதற்குள் நுழைகின்றன. உள்ளே போனபின் தங்கும் இடம்தான் வேறு. சாதாரணப் பாதரசம் பெரும்பாலும் செல்லின் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. மீத்தைல் பாதரசம் உள்ளிருக்கும் சாற்றில் கலந்துவிடுகிறது. இப்போது கோப்பிபாடு என்ற, அரிசிக் குருணையைவிடச் சிறிய ஓட்டுயிர் வந்து அந்த நுண்பாசியைத் தின்கிறது. அதன் குடல் செல்லின் சாற்றைச் செரித்துக்கொள்கிறது, சவ்வைக் கழிவாகத் தள்ளிவிடுகிறது. சாதாரணப் பாதரசத்தில் பெரும்பகுதி அந்தக் கழிவோடு போய்விட, மீத்தைல் பாதரசம் மட்டும் அடுத்த உடலுக்குக் கைமாறுகிறது. 1990களில் அமெரிக்க ஆய்வகங்களில் இதைத் தனித்தனியாக அளந்து காட்டினார்கள். உணவுச் சங்கிலியில் ஏன் இந்த ஒரு வடிவம் மட்டும் மேலே மேலே ஏறுகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு விடை அந்தச் சிறு குடலுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு நடப்பதை ஊகிக்கலாம். கோப்பிபாடைத் தின்னும் சாளை ஓரிரண்டு ஆண்டுகளே வாழ்கிறது. அதன் உடலில் சேர நேரமில்லை. நூற்றுக்கணக்கான சாளையையும் அயிலையையும் தின்னும் சூரைக்கு அவை எல்லாவற்றின் சேமிப்பும் வந்து சேர்கிறது. சூரையைத் தின்னும் பெரிய சுறா பல ஆண்டுகள் வாழ்ந்து அத்தனையையும் தன் சதையில் வைத்துக்கொள்கிறது. மீத்தைல் பாதரசத்தை வெளியேற்றும் வேகம் சேர்க்கும் வேகத்துக்கு ஈடாவதில்லை. அமெரிக்கச் சந்தை மீன்களை அந்நாட்டு உணவு, மருந்துத் துறை பல ஆண்டுகள் சோதித்து வெளியிட்ட சராசரியில், ஒரு கிலோ சாளையில் 0.013 மில்லிகிராம் பாதரசம் இருந்தது. நெத்தோலியில் 0.016. சுறாவில் 0.979. நம் கடல் மீன்களில் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம். எது கீழே, எது மேலே என்ற வரிசை மாறாது. கடல்நீரோடு ஒப்பிட்டால் சுறாச் சதையில் இருப்பது பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

கழுவிச் சமைத்தால் போகாதா என்று கேட்டீர்கள். போகாது, அம்மா. மீத்தைல் பாதரசம் கொழுப்பிலோ தோலிலோ இல்லை. சதையின் புரதத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது. செதிளைச் சீவினாலும், தோலை உரித்தாலும், மஞ்சளும் கல்லுப்பும் போட்டு உரசிக் கழுவினாலும், புளியில் ஊறவைத்தாலும், பொரித்தாலும் அது சதையிலேயே இருக்கும். கருவாட்டிலும் அப்படித்தான். காயும்போது நீர் போய்விடுவதால் ஒரு துண்டுச் சுறாக் கருவாட்டில் அதே எடைப் பச்சைச் சுறாவைவிடப் பாதரசம் அதிகம். உங்கள் மஞ்சளும் புளியும் வேறு நல்ல காரியங்களுக்கு உதவும். இதற்கு உதவாது.

குழந்தையின் மூளை பற்றி மருமகன் கவலைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டா வளைகுடாக் கரையில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை இருந்தது. அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் அது பாதரசத்தைப் பயன்படுத்தியது. அந்தத் தயாரிப்பின்போதே உருவான மீத்தைல் பாதரசம் 1932 முதல் 1968 வரை கழிவுநீரோடு கடலுக்குப் போயிற்று. முதலில் மீனவர் வீட்டுப் பூனைகள் வெறிபிடித்ததுபோல் ஆடிச் செத்தன. 1956இல் பேசவும் நடக்கவும் தடுமாறிய குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். தொற்றுநோய் என்று அஞ்சி அந்தக் குடும்பங்களை ஊரே ஒதுக்கியது. அந்த மக்கள் செய்ததெல்லாம் தங்கள் கடலின் மீனைத் தின்றதுதான். இதைவிடக் கொடுமையான செய்தி பிறகு தெரியவந்தது. தாய்க்கு நோயின் அறிகுறி மிகக் குறைவாக இருந்தபோதும் அவள் பெற்ற குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது. நச்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்று மருத்துவம் அதுவரை நம்பியிருந்தது. ஜப்பானில் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைப் பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. மருத்துவர் ஹராதா மசாசுமி வீடுவீடாக அந்தத் தொப்புள்கொடிகளைக் கேட்டு வாங்கிச் சோதிக்கச் செய்தார். அவற்றில் மீத்தைல் பாதரசம் இருந்தது.

அது நச்சுக்கொடியைக் கடக்கும் வழி இப்போது தெளிவாகத் தெரியும். மீத்தைல் பாதரசம் நம் உடலில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது. மெத்தியோனின் குழந்தை வளர அவசியமானது. அதை உள்ளே எடுத்துச்செல்லும் அதே புரத வாசல் இதையும் எடுத்துச்செல்கிறது. சிசுவின் இரத்தத்தில் தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு சேர்கிறது.

மினமாட்டாவில் நடந்தது ஆலைக்கழிவு நேராகக் கொட்டிய பேரழிவு. உங்கள் வீட்டுக் குழம்புக்கும் அதற்கும் வெகுதூரம். சாதாரணமாக மீன் தின்னும் தாய்மாருக்கு என்ன ஆகிறது என்று அறிய இரண்டு தீவுகளில் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் 1986, 1987இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கருவில் பாதரசம் அதிகம் பெற்றவர்களுக்கு ஏழு வயதில் நினைவாற்றல், கவனம், மொழி ஆகியவற்றில் சிறிய குறைவு தெரிந்தது. அங்கே பாதரசம் பெரும்பாலும் வந்தது மீனிலிருந்து அல்ல. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் திமிங்கில இனம் ஒன்றின் இறைச்சியிலிருந்து. நம் இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுகளில் தாய்மார் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிட்டார்கள். அவர்களின் குழந்தைகளிடம் அப்படிப்பட்ட குறை தொடர்ச்சியாகத் தென்படவில்லை. மீன் தந்த நன்மை பாதரசத்தின் தீமையை ஈடுகட்டியிருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்கள் கருத்து.

மீனை நிறுத்தாதீர்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் இதுதான். சிசுவின் மூளையும் கண்ணும் உருவாக டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது அதிகம் சேர்கிறது. உங்கள் மகள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். அந்தக் கொழுப்பையும் மீன் தானாக உண்டாக்குவதில்லை. நுண்பாசி உண்டாக்குகிறது, கோப்பிபாடு தின்கிறது, சாளை தின்கிறது. நல்லதும் கெட்டதும் ஒரே வழியாகத்தான் ஏறி வருகின்றன. ஆனால் நல்லது சாளையிலேயே நிறைந்துவிடுகிறது. கெட்டது உச்சிக்குப் போகப்போகப் பெருகுகிறது. விலை குறைந்த மீன் என்று நாம் மதிக்காத சாளைதான் கர்ப்பிணிக்கு இந்தக் கடல் தரும் சிறந்த மீன். விருந்தினர் வந்தால் நெய்மீன், வீட்டோடு என்றால் சாளை என்று நாம் வைத்திருக்கும் மரியாதை வரிசையை உங்கள் மகளுக்காகத் தலைகீழாக்குங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். உணவு நச்சுகளை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு 2003இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். நூறு கிராம் சுறாத் துண்டு ஒன்றே அந்த வாரக் கணக்கைத் தீர்த்துவிடும். சாளையில் அதே அளவை எட்ட ஏழு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்.

ஆகவே சாளை, நெத்தோலி, அயிலை, காரல், இறால், கணவாய் ஆகியவற்றைத் தயக்கமின்றிக் கொடுங்கள். தினமும் ஒரு வேளை கொடுத்தாலும் பாதரசத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை. சூரையில் சிறியதாகப் பார்த்து வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். வட மாவட்டங்களில் வஞ்சிரம் என்று விற்கும் நெய்மீனின் நெருங்கிய இனமான கிங் மேக்கரலைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் அறிவுரை. நம் நெய்மீனும் மீனைத் தின்று பெரிதாகும் மீன்தான். அகன்ற துண்டு போடும் அளவுக்குப் பெரிய மீன் என்றால் விட்டுவிடுங்கள். எந்த மீனைப் பற்றியும் ஐயம் வந்தால் விற்கும் அக்காவிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எவ்வளவு பெரிதாக வளரும், எதைத் தின்னும்? உங்கள் ஊரில் இதற்குச் சரியான பதில் சொல்ல அவர்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சுறாப் புட்டைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் இருப்பது வெறும் மீன் அல்ல, பெற்றவளைத் தேற்றும் அன்பு. தாய்ப்பால் வழியாகப் போகும் பாதரசம் நச்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. பால் சுறா போன்ற சிறிய சுறாவில் பெரிய சுறாவைவிடவும் குறைவு. ஆகவே ஒருநாள் சிறு சுறாவில் புட்டு செய்து கொடுத்துவிட்டால் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் பேறுகாலம் முழுவதும் அடிக்கடி கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பால் ஊறுவதற்கு முதல் காரணம் குழந்தை அடிக்கடி மார்பில் சப்புவது. அதற்குச் சுறாதான் வேண்டும் என்பதில்லை. அதே புட்டைச் சாளையில் செய்யலாம். சாளையை மஞ்சள் சேர்த்து ஆவியில் வேகவைத்து, ஆறியதும் நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, விரலால் உதிர்த்து, மீந்த முள்ளைப் பொறுக்கிவிடுங்கள். சின்ன வெங்காயமும் நிறையப் பூண்டும் இஞ்சியும் வதங்கியபின் அதில் போட்டு, மிளகு தூவி ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் சாறு வைத்துக் கொடுக்கும் வழக்கமும் உங்கள் பக்கத்தில் உண்டு. அந்தப் பழக்கத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

மாத்திரையைப் பற்றி மருமகனிடம் ஒன்று சொல்லுங்கள். கடையில் மீன் எண்ணெய் என்ற பெயரில் இரண்டு வகை இருக்கின்றன. மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுந்திருக்கும். கர்ப்பிணிக்கு அது அளவு மீறினால் தீங்கு. மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எதையும் வாங்க வேண்டாம். மாத்திரையில் மீனின் புரதமும் அயோடினும் கால்சியமும் இல்லை என்பதையும் அவர் நினைவில் கொள்ளட்டும்.

சிறு மீனிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அது பாதரசம் அல்ல. சாளை, அயிலை, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் தடித்து அரிக்கும். சமைத்தாலும் அது அழியாது. கரைக்கு வந்தவுடன் வாங்குங்கள், அல்லது ஐஸில் புதைத்து வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். மகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் நெத்தோலிக் கருவாட்டையும் தள்ளிவையுங்கள்.

மகளுக்கு இரத்தத்தில் பாதரசச் சோதனை தேவையா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். தேவையில்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே வாரத்தில் பல நாள் சுறாவோ பெருஞ்சூரையோ சாப்பிட்டவராக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அதைச் சொல்லி ஆலோசனை கேட்கலாம். இரத்தத்தில் இருக்கும் மீத்தைல் பாதரசம் ஏறத்தாழ 50 நாளில் பாதியாகக் குறையும். போன மாதச் சூரையின் பங்கு இப்போதே குறைந்துகொண்டு வருகிறது. பிரசவத்துக்குள் இன்னும் குறைந்துவிடும்.